தூத்துக்குடி வெயிலும் கொச்சி மழையும்

வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்கார அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, துவைத்த துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்பதுதான். எத்தனை பேர், என்ன வேலை, எந்த ஊர் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. மொட்டை மாடியில் கொடி கட்டிக்கொள்கிறோம் என்று என் கணவர் சொன்னார். அந்த அம்மா தலையாட்டினார். வெயிலில் காயாத துணி உடம்புக்கு ஆகாது என்றார். கொச்சியில் ஆனி மாதம் பூராவும் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, ஃபேனுக்கு அடியில்தான் துணி காயவைக்க வேண்டும், அப்படியும் ஒரு வாடை போகாது, தூத்துக்குடி என்றால் உதறிப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே போனார். மாடிச் சாவியை எடுத்துவரத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள் பேசி முடித்துக் கிளம்பும்வரை அவர் திரும்பவில்லை. சாவி அந்த அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது.

கம்பத்தில், மெயின் ரோட்டிலிருந்து திராட்சைத் தோட்டங்கள் பக்கம் பிரிகிற தெரு அது. என் கணவருக்கு லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை. நான் உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. கீழே அவர்கள் இருவர், மேலே நாங்கள் மூவர். குடிபோன கொஞ்ச நாளிலேயே அவர் எனக்குப் பெரியம்மா ஆகிவிட்டார். அவருடைய கணவர் பெரியப்பா.

பெரியப்பா ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் இருந்தவர். கல்யாணமான புதிதில் தூத்துக்குடியில் துறைமுக வேலை. பிறகு கொச்சியில் கோடவுன் பொறுப்பு. கொச்சியோடு வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே வந்து, கொஞ்சம் வாழை, கொஞ்சம் தென்னை என்று இருந்துவிட்டார். இதெல்லாம் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே நடந்து முடிந்தவை. ஆனால் பெரியம்மா பேசுவதைக் கேட்டால், அந்த இரண்டு ஊர்களிலிருந்தும் போன வாரம்தான் திரும்பியவர் மாதிரி இருக்கும்.

எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும். உப்பு ஜாடியைத் திறந்தால், தூத்துக்குடியில் உப்பு மணல் போல உதிரும், கொச்சியில் ஜாடிக்கு அடியில் தண்ணீர் நிற்கும். அப்பளம் பொரித்தால், கொச்சியில் டப்பாவை மூடுவதற்குள் நமத்துவிடும். தீப்பெட்டியை அடுப்பை ஒட்டியே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குச்சி பற்றாது. தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். தலைக்குக் குளித்தால் மறுநாளும் பின்னலுக்குள் ஈரம் இருக்கும். தூத்துக்குடியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. உதடு வெடிக்கும், குடிக்கிற தண்ணீர் கரிக்கும், ஆனி ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து சோற்றில் போடும். அதையும் மறைக்காமல் சொல்வார். சொல்லிவிட்டு, ஆனால் நெஞ்சு லேசாக இருக்கும் என்பார். எங்கே தொடங்கினாலும் அந்த நெஞ்சில் வந்துதான் முடிப்பார்.

குரலில் ஏற்றமும் இறக்கமும் இருக்காது. தெருவில் சிலர் அவருக்கு வானிலை அறிக்கை என்று பெயர் வைத்திருந்தார்கள். பால் ஊற்ற வருகிற பெண், இன்றைக்குக் கொச்சியில் மழையா என்று கேட்டுச் சிரிப்பாள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். இந்த மாதத்தில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடியோடு பெய்யும், துலாவர்ஷம் என்பார்கள் என்று பதில் சொல்வார்.

கம்பத்தின் வெயிலையோ மழையையோ பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பிடிக்கும் பிடிக்காது என்பது இருந்தது. சித்திரை மத்தியானத்தில் மொட்டை மாடிக்கு வந்து, மிளகாய் வற்றலைக் கிண்டிவிடுகிற சாக்கில் வெறுங்காலோடு வெகுநேரம் நிற்பார். தரை சுடுவதாகவே தெரியாது. நான் ராமநாதபுரம் பக்கத்துக்காரி. மலையிலிருந்து ஆடியில் இறங்குகிற சாரல் எனக்கு அதிசயம். பள்ளி விட்டு வந்ததும் பால்கனியில் நின்று முகத்தில் வாங்கிக்கொள்வேன். கீழேயிருந்து அவர் குரல் வரும். பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் நனைகிறாய், உள்ளே போ என்பார். பெரியப்பாவுக்கும் சாரல் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அவர் தோட்டத்துக்குக் கிளம்புவார், குடை இல்லாமல்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். இரண்டு ஊரில் எந்த ஊரில் இருக்க உங்களுக்கு ஆசை என்று. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கென்னத்தா ஆச. சும்மா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே, மகனைப் பற்றிச் சொன்னார். அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்ததே அதுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் படம்கூட இல்லை. தூத்துக்குடியில் பிறந்தவன். கைக்குழந்தையிலிருந்தே லேசான மூச்சிழுப்பு உண்டு, ஆனால் அந்த ஊர் வெயிலில் அது பெரிதாகத் தலைகாட்டவில்லை. கொச்சிக்கு மாற்றல் வந்தபோது, பெரியப்பா மட்டும் போகட்டும், நானும் பிள்ளையும் இங்கேயே இருந்துகொள்கிறோம் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு ஊரில் இருப்பது சரிப்படாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். போனார்கள். முதல் மழைக்காலம் எப்படியோ கழிந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான்.

"அந்த வருசம் மழ முந்திருச்சு" என்றார். தோலையெல்லாம் ஒரு பக்கம் கூட்டித் தள்ளினார். "தூத்துக்குடியில அப்ப பொட்டுத் தூத்தல் கெடையாது. கேட்டுக்கிட்டேன்."

மொச்சைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று இரவு சாப்பாட்டுக்கு அந்தக் குழம்பில் கொஞ்சம் எனக்கும் மேலே வந்தது.

அதன் பிறகு அவர் வெயில் மழைப் பேச்சை எடுத்தால் என்னால் வேறு மாதிரிதான் கேட்க முடிந்தது. பெரியப்பா எழுந்து போவதையும் வேறு மாதிரிதான் பார்த்தேன். ஒருமுறை சின்னமனூரில் அவர்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கு எங்களையும் அழைத்துப் போயிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, எர்ணாகுளத்தில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த ஒருவர், அந்த ஊரின் பச்சையையும் குளுமையையும் பற்றிப் பேச்செடுத்தார். பெரியம்மா தொடங்கிவிட்டார். குளுமை கண்ணுக்குத்தான், சுவரில் கை வைத்தால் ஈரம், தலையணையில் ஈரம், படுத்தால் நெஞ்சில் ஈரம், தூத்துக்குடியில் வெயில் கொளுத்தினாலும் பிள்ளைகள் மூச்சுவிட்டு விளையாடும் என்றார். பெரியப்பா இலையில் பாயசம் விழுந்த நேரம். இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

பெரியப்பாவின் தங்கை ஒருவர் எதிர்ப்பந்தியிலிருந்து பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எத்தன வருசத்துக்கு மதினி எங்கண்ணன இப்படி வறுத்தெடுப்பீக?"

பெரியம்மா தன் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். எனக்கு அந்தத் தங்கை மேல் கோபம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேசுகிறாள், கூட்டிக்கொண்டு போனவர் கேட்கத்தான் வேண்டும் என்று மனதுக்குள் கட்சி கட்டிக்கொண்டேன். திரும்பும்போது பெரியப்பா காரின் முன்பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அவர் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருடம் சாரல் காலத்தில் என் மகளுக்கு இழுப்பு வந்தது. அதற்கு முன்னால் சளி, இருமல் என்று வரும், போகும். அன்று சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தவள், தோள் இரண்டும் ஏறி இறங்க மூச்சுக்குத் திணறினாள். நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். நான் கூப்பிடுவதற்கு முன்பே பெரியம்மா படியேறி வந்துவிட்டார். கீழேயிருந்தே அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

"படுக்க வைக்காத. நிமுத்தி உக்கார வையி" என்று மட்டும் சொன்னார்.

பெரியப்பா அதற்குள் காரை எடுத்துவிட்டார். என் கணவர் வேலையில் இருந்தார். தேனி போய்ச் சேரும்வரை பெரியப்பா ஒரு இடத்திலும் காரை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்து கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் பிள்ளை பிஸ்கட் கேட்டாள்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். தினமும் இரண்டு வேளை, நன்றாக இருந்தாலும் நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்தப் பம்பு ஒரு தடவை வைத்தால் ஆயுசுக்கும் விடாது என்றாள் பால்காரப் பெண். பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது, பழகிவிடப் போகிறது என்று போனில் என் மாமியார் சொன்னார். பெரியம்மா பம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காய்ந்த ஊருக்கு மாற்றல் கேளுங்கள், தூத்துக்குடியில் பெரிய மின்நிலையம் இருக்கிறது, உன் வீட்டுக்காரரைக் கேட்கச் சொல் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவர்கூட யோசிக்க ஆரம்பித்தார். நான் மருந்தை முதல் சில நாள் கொடுத்தேன். பிள்ளை நன்றாக ஓடியாடவும், விட்டுவிட்டேன்.

பெரியம்மா குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் பெரியப்பா மாடிக்கு வந்தார். நாங்கள் குடியேறியதிலிருந்து அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மருந்து கொடுக்கிறாயா என்று கேட்டார். இப்போது நன்றாக இருக்கிறாள், எல்லாரும் பழகிவிடும் என்கிறார்கள், அதனால் என்று இழுத்தேன்.

"எங்களுக்கும் எழுதிக் குடுத்தாக தாயி. நாங்க குடுக்கல" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். கொச்சியில் ஒரு நல்ல டாக்டர் இதே மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்து, இது இருந்தால் பையன் எந்த ஊரிலும் இருக்கலாம், மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வாங்கியும் வந்துவிட்டார்கள். பிரிக்காமலே இருந்திருக்கிறது. பிள்ளை போனபிறகும் வெகுநாள் அலமாரி மேல் அப்படியே இருந்ததாம்.

இதைப் பெரியம்மாவிடம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் எதிரில் இந்தப் பேச்சே கூடாது என்றார். கதவருகில் போய் நின்று ஏன் என்றும் சொன்னார்.

"அவ பேச ஆரம்பிச்சா நான் அங்கன இருக்கிறதில்ல. இருந்தா எதாச்சும் வாயில வந்துரும்."

இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்த மருந்தை அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. மகளுக்கு அந்த மாதிரி மூச்சுத் திணறல் மறுபடி வரவில்லை. மாற்றல் பேச்சும் அடங்கிவிட்டது. பெரியம்மா ஒருமுறை எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்த இன்ஹேலரைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை. என்னிடம் கேட்க வந்த உறைமோரை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அன்று சாயங்காலம் வாசலில் யாரிடமோ கொச்சி மழையைப் பற்றி வழக்கத்தைவிட அதிகநேரம் பேசிக்கொண்டிருந்தார். கேட் திறந்து மூடும் சத்தமும் கேட்டது.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பெரியப்பா இறந்தார். தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பெரியம்மா அழவில்லை. வந்தவர்களுக்கு எங்கே உட்கார நிழல் இருக்கிறது, எங்கே நாற்காலி போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னமனூர்த் தங்கை வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோது, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கல் மாதிரி இருக்கிறாள் என்று பின்னால் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

காரியங்கள் முடிந்து வீடு காலியானது. பெரியம்மா எப்போதும் போலச் சமைத்தார், துவைத்தார், காய வைத்தார். ஒன்றுதான் நின்றுபோயிருந்தது. அவர் வாயிலிருந்து தூத்துக்குடியும் வரவில்லை, கொச்சியும் வரவில்லை. துக்கத்தில் இருக்கிறார், ஆறிய பிறகு பேசுவார் என்று நினைத்தேன். மாதங்கள் போயின. பால்காரப் பெண் ஒருநாள் பேச்சுக்கொடுக்க நினைத்து, கொச்சியில் இப்போது மழையா என்று கேட்டாள். தெரியலயே என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு பிற்பகல் கீழே போய் அவரோடு உட்கார்ந்திருந்தேன். மகள் பக்கத்துத் தெருவுக்கு விளையாடப் போயிருந்தாள். முன்பென்றால் இந்நேரம் தூத்துக்குடி மார்கழி எப்படியிருக்கும் என்று சொல்லியிருப்பீர்களே என்று மெல்லக் கேட்டேன்.

"யார்ட்டச் சொல்ல" என்றார்.

என்னிடம் சொல்லுங்கள் என்றேன். என்னைப் பார்த்தார். பிறகு, உப்பு ஜாடியைப் பற்றியும் அப்பளத்தைப் பற்றியும் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"புள்ள போனது மழையில இல்லத்தா. எனக்குத் தெரியும். அந்த டாக்டரு குடுத்த மருந்த நாந்தான் வேணாம்னேன். பழகிரும்னு பக்கத்து வீட்டுல சொன்னாக, நம்பிட்டேன். இவுக கெஞ்சுனாக. கால்ல விழாத கொற. நான் தூக்கி அலமாரிக்கு மேல வச்சிட்டேன்."

அவர் நிறுத்தவில்லை.

"இவுக அத ஒருநா சொல்லுவாக, சொல்லுவாகன்னு பாத்தேன். நீதானடி குடுக்கவிடலன்னு ஒரு தடவ கேட்டுட்டாப் போதும். அதுக்காகத்தான் பேசிப் பேசிப் பாத்தது. எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிருவாக."

"கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீக பெரியம்மா?"

"அன்னிக்கே அழுது முடிச்சிருப்பேன்."

தெருவில் ஒரு ஜீப் போனது. தோட்ட வேலைக்குக் குமுளிப் பக்கம் போன பெண்கள் திரும்பி வருகிற நேரம். அது போன பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார். உன்னிடம் ஏதாவது சொன்னாரா, நான் கோயிலுக்குப் போன அன்றைக்குப் பிறகுதானே நீ மருந்தை எடுத்தாய் என்றார். பெரியப்பா என்னிடம் கேட்டுக்கொண்டது நினைவில் இருந்தது. ஆனாலும் சொன்னேன். சொன்னார் என்றேன்.

"என்னன்னு சொன்னாக?"

"எங்களுக்கும் எழுதிக் குடுத்தாக, நாங்க குடுக்கலன்னு சொன்னாக."

"அவ குடுக்கலன்னு சொல்லலயா?"

"இல்ல. நாங்கன்னுதான் சொன்னாக."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வேறென்ன சொன்னார் என்று கேட்டார். வேறொன்றும் இல்லை, என்னிடம் மருந்தை நிறுத்தாதே என்று சொல்லத்தான் வந்தார் என்றேன். சரி என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். பிள்ளை விளையாடிவிட்டு வந்துவிடுவாள், போய் ஏதாவது செய்துவை என்று என்னை அனுப்பினார்.

நான் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பேன். கீழே கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் நாங்கள் இருந்த அத்தனை வருடத்தில், பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.